மாமியார் பெயரில் ஐந்து நாள்

மேல்தளத்து டிக்கெட்டில் போகிறவர்களுக்குக் கப்பலில் இருக்கை கிடையாது. கிடைத்த இடத்தில் விரித்து உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஸ்டமாதிஸ் கப்பலில் கால் வைத்ததும் வைக்காததுமாக ஓடிப்போய், புகைபோக்கிக்குப் பின்னால் காற்று அடிக்காத மூலையில் போர்வையைப் போட்டு இடம் பிடித்துவிட்டான். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஒரு கையில் தர்பூசணி, மறு கையில் கடற்கரைக் குடை, முதுகில் மூட்டை என்று அப்படிப் பறந்ததைப் பார்த்து அவன் மனைவி யோத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யோவ், மெதுவா! தர்பூசணி கீழ விழுந்துச்சுன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல."

"நீ வந்து உக்காரு இவளே. பின்னாடி ஒரு கூட்டமே வருது."

பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவனிடம் இல்லை. கல்யாணமான புதிதில் கூச்சத்தில் 'இவளே' என்று ஆரம்பித்தான்; அதுவே நிலைத்துவிட்டது. பிரேயஸ் துறைமுகத்துக்கு மேலே நிகேயாவில் அவர்கள் குடியிருக்கும் தெருவில், மாடியிலிருந்து 'இவளே' என்று ஒரு சத்தம் கேட்டால், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஸ்டமாதிஸுக்குச் சட்டை கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கையில் காசு குறைவாக இருப்பவர்கள் தீவுக்குப் போவது எப்படி என்று யாராவது கேட்டால் இவர்களுடைய மூட்டையைப் பிரித்துக் காட்டினால் போதும். பொரித்த கறி உருண்டை, அவித்த முட்டை, தக்காளி, உப்புப் பாலாடைக்கட்டி, காப்பி போட ஒரு குட்டி கேஸ் அடுப்பு. குடையின் உடைந்த கம்பிக்குப் பதிலாக ஃப்ரிட்ஜின் செம்புக் குழாயை வளைத்துச் சேர்த்திருந்தான். குடை விரிந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் தலை குனிந்து நிற்கும், அவ்வளவுதான்.

இந்தப் பயணத்துக்குக் காரணமே ஒரு மீன் சாப்பாடு. கல்யாணமான அடுத்த வருஷம் இதே அலாத்தி தீவுக்கு வந்திருந்தார்கள். கரையோர மீன் கடையில் மேசைகளைக் கடலுக்குள்ளேயே இறக்கிப் போட்டிருந்தார்கள். சாப்பிடுகிறவர்களின் கால்கள் தண்ணீரில். பனிக்கட்டித் தட்டில் சிவக்கச் சிவக்க நவரை மீன். யோத்தா நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் திரும்பிப் போகிற டிக்கெட்டும் பாதி ரொட்டியும்தான். "அடுத்த தடவ வரும்போது இங்க உக்காந்து சாப்பிடுவோம்" என்று ஸ்டமாதிஸ் வீராப்பாகச் சொன்னான். அப்புறம் மகள் பிறந்தாள், அவள் படிப்பு வந்தது, நாடே தரித்திரம் பிடித்து ஆடிய வருஷங்கள் வந்தன, அவன் அம்மா படுக்கையில் விழுந்தாள். அடுத்த தடவை என்பது இப்போதுதான் வந்திருக்கிறது. யோத்தா அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. எடுக்காததுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

செலவுக்கு வழி கண்டுபிடித்ததும் அவன்தான். யோத்தாவின் முழுப்பெயர் பனயோத்தா, மாதாவின் பெயர். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் என்றால், நாட்டில் உள்ள அத்தனை பனயோத்தாக்களுக்கும் அன்றைக்குப் பெயர்நாள். வந்து வாழ்த்துகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது; தின்னவும் குடிக்கவும் கொடுத்தாக வேண்டும். வாழ்த்துகிறவர்களுக்கு நோகாது, செலவெல்லாம் வாழ்த்து வாங்குகிறவள் தலையில். நிகேயாவில் அன்றைக்கு அவர்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. யோத்தா இரண்டு நாள் முன்னாலிருந்தே தட்டுத் தட்டாக இனிப்புச் செய்வாள், செய்துகொண்டே திட்டுவாள். இந்த வருஷம் அன்றைக்கு ஊரில் இல்லாவிட்டால் அந்தச் செலவில் பயணமே முடிந்துவிடும் என்று ஸ்டமாதிஸ் கணக்குப் போட்டான்.

"நல்லதாப் போச்சு. ஒரு வருஷமாவது என் இடுப்பு தப்பிக்கட்டும்" என்றாள் யோத்தா.

கணக்கில் ஓட்டை இருப்பது கப்பலில்தான் தெரிந்தது. பக்கத்துப் போர்வைக்காரர் ஒரு பனயோத்திஸ்; அதே மாதா பெயரின் ஆண் வடிவம். பதினைந்தாம் தேதி ஊரில் முந்நூறு பேருக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே வந்தார். ஸ்டமாதிஸுக்குக் கறி உருண்டை தொண்டையில் நின்றது. நிகேயாவை விட்டு ஓடி வந்தாகிவிட்டது. பெயரை விட்டு எப்படி ஓடுவது? தீவோ கைக்குட்டை அளவு. ஒருத்திக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

கப்பல் போய் நின்றதும், 'அறை வாடகைக்கு' என்று அட்டை பிடித்துக்கொண்டு ஒரு கனத்த அம்மாள் எதிரே வந்தாள். கலியோபி. வயது எழுபதிருக்கும், அவளுக்கு எல்லோரும் 'கண்ணு'தான்.

"வா கண்ணு, வா. மலிவான அறை. ஜன்னல்ல தலைய நீட்டுனா கடல் தெரியும். உன் பேரென்ன தம்பி? ஸ்டமாதியா? நல்லது. இந்தப் பொண்ணு பேரு?"

யோத்தா வாயைத் திறப்பதற்குள் ஸ்டமாதிஸ் முந்திக்கொண்டான். பொய்ப் பெயர் ஒன்று வேண்டும், உடனே வேண்டும். பெண்டாட்டி பெயரையே சொல்லிப் பழகாத வாய்க்கு வேறு பெண்ணின் பெயர் எங்கிருந்து வரும்? பிறந்ததிலிருந்து தெரிந்த ஒரே பெயர்தான் வந்தது.

"ஃபோதினி" என்றான்.

அறைக்கதவைச் சாத்தியதும் யோத்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலையா உனக்கு? உங்கம்மா பேரா?"

"வாயில வந்துருச்சு. அவசரம்..."

"இருபது வருஷம் ஒரே சமையக்கட்டுல அந்த அம்மாகூட மல்லுக்கட்டுனேன். லீவுக்கு வந்த இடத்துலயும் அவங்கள என் தலையில ஏத்தி வச்சிருக்கியே, நீ மனுஷனா?"

அவன் முழித்த முழியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் நிலைக்கவில்லை. கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் நான்கு நாட்கள் நன்றாகவே போயின. வாடகைக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வரிசையாக நின்ற கடற்கரையை விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து ஒரு சிறுசவுக்கு மரத்தடியைப் பிடித்தார்கள். தர்பூசணியை வலைப்பையில் போட்டுக் கல்லில் கட்டிக் கடலில் இறக்கினார்கள்; ஸ்டமாதிஸ் ஒரு ஃப்ரிட்ஜ்காரனுக்குரிய பெருமையோடு மணிக்கொருதரம் போய்த் தொட்டுப் பார்த்தான். கலியோபி தோட்டத்து அத்திப்பழம் தினமும் ஒரு தட்டு வாசலுக்கு வந்தது. யோத்தாவின் தோள் கறுத்து, முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. தண்ணீரிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றாள்.

பெயர்தான் அவளுக்குப் பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. கலியோபி "ஃபோதினி!" என்று கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள். "காது கொஞ்சம் மந்தமோ கண்ணு?" என்று கலியோபி இரக்கப்பட்டாள். மற்ற நேரத்தில் யோத்தா மாமியார் குரலிலேயே அவனை விரட்டினாள்.

"ஸ்டமாதி! ஈரத் துணியோட நிக்காத, இடுப்புல காத்து புகுந்துரும்!"

"நிறுத்து இவளே. சாட்சாத் அவங்க மாதிரியே இருக்கு."

"அம்மாவ எதுத்துப் பேசுறியா? பெத்த வயிறு பத்தி எரியுது!"

அவன் ஓடிப்போய்க் கடலில் குதித்தான். அம்மாவை நினைத்துச் சிரிக்க முடியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

மீன் சாப்பாட்டுக்கான பணம் தனியாக மடித்து அவன் சட்டைப் பையில் இருந்தது. பழைய கடை அதே இடத்தில்தான்; மேசைகள் தண்ணீரில்தான். நிகிதாஸ் என்பவனுடைய கடை. மேலே ஊருக்குள் கோயில் எதிரே இருக்கும் காப்பிக் கடையும் அவனுடையதே. யோத்தா மாலை நடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பனிக்கட்டித் தட்டின் பக்கமாகவே நடந்தாள். விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தாள். கடைசி நாள் சாயங்காலம், பதினைந்தாம் தேதி, கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும் என்று ஸ்டமாதிஸ் முடிவு செய்திருந்தான். நிகிதாஸிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் முன்பணம் கேட்பானோ என்ற பயம்.

பதினைந்தாம் தேதி காலையில் மகள் ஜெர்மனியிலிருந்து ஃபோன் செய்தாள். யோத்தா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் குசுகுசுவென்று பேசினாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஸ்டமாதிஸ் வாழ்த்தலாம் என்று வாயெடுத்தான். வாசலில் கலியோபி நின்றுகொண்டிருந்தாள், தலையில் முக்காட்டோடு, கையில் தான் சுட்ட பூசை ரொட்டிகளோடு.

"கிளம்பு கண்ணு, கிளம்பு. இன்னிக்கு வீட்டுல உக்காந்தா மாதா கோவிச்சுக்குவா."

கோயிலில் மூச்சுவிட இடமில்லை. பூசையின் கடைசியில் லூக்கா பாதிரியார் ரொட்டிகளை ஆசீர்வதித்து, யார் யாருடைய நலத்துக்காக என்று பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல், இறந்தவர்களுக்கு வேறு பட்டியல், அதை இதில் கலக்கவே கூடாது. இது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

"...கலியோபி, அவள் வீட்டு விருந்தாளிகளான ஸ்டமாதிஸ், ஃபோதினி, இவர்களுக்கு நீண்ட ஆயுளும் உடல் சுகமும்..."

ஸ்டமாதிஸுக்குக் குப்பென்று வியர்த்தது. செத்து ஆறு வருஷமான அம்மாவுக்கு நீண்ட ஆயுள்! கலியோபி திரும்பிப் பார்த்து, 'எப்படி, உங்களையும் சேர்த்துட்டேன் பாத்தியா' என்று கண்ணடித்தாள். அவன் அவசர அவசரமாகச் சிலுவை போட்டான். யோத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. பாதிரியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் வந்தன, போயின. நிகிதாஸின் பெண்டாட்டியும் பனயோத்தாதான். அந்தப் பெயர் வந்தபோது இவள் தலை தானாக நிமிர்ந்தது. "பனயோத்தா, நிகிதாஸின் மனைவி" என்று அவர் முடித்ததும் தலை குனிந்துகொண்டது.

வெளியே முற்றத்தில் ஒரே சத்தம். "நூறு வயசு இருக்கணும்!" "நூறு வயசு இருக்கணும் மரியா!" என்று முத்தமும் கட்டிப்பிடித்தலும். நிகிதாஸின் பெண்டாட்டி சர்க்கரைப் பொடி தூவிய ரோஜா மிட்டாயைத் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே வந்தாள். யோத்தாவிடமும் நீட்டினாள்.

"எடுத்துக்கோ ஃபோதினி."

யோத்தா ஒன்றை எடுத்தாள். எடுத்தால் வாழ்த்த வேண்டும்.

"நூறு வயசு இருக்கணும்... பனயோத்தா" என்றாள்.

தன் பெயரை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். மிட்டாயை வாயில் போடவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் திட்டிக்கொண்டே தட்டுத் தட்டாகச் செய்து எல்லோருக்கும் நீட்டியவள் அவள். என்ன காரியம் செய்துவிட்டேன், பாவி, என்று ஸ்டமாதிஸுக்குத் தோன்றியது. நாலு மீனுக்காக இவளை இவள் திருநாளன்றே யாருமில்லாதவளாக ஆக்கி நிறுத்திவிட்டேனே.

"பனயோத்தா!" என்று கத்தினான்.

முற்றத்தில் பாதிப் பெண்கள் திரும்பினார்கள். யோத்தாவும்தான்.

"இதோ இவ, என் பொண்டாட்டி. இவ பேரு பனயோத்தா. இன்னிக்கு இவ பெயர்நாள். எல்லாரும் நிகிதாஸ் காப்பிக் கடைக்கு வாங்க. யார் என்ன குடிச்சாலும் எங்க கணக்கு!"

கலியோபிதான் முதலில் சுதாரித்தாள்.

"அப்ப ஃபோதினி யாரு?"

"எங்கம்மா."

"எங்க இருக்காங்க?"

ஸ்டமாதிஸ் விரலை மேலே காட்டினான்.

"அடப்பாவி! செத்தவங்களுக்கா சுகம் கேட்டு ரொட்டி சுட்டேன்?" கலியோபி மூன்று தரம் சிலுவை போட்டாள், மூன்று தரம் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். "சாமி, கேட்டீங்களா இந்தக் கூத்த?"

லூக்கா பாதிரியார் தாடியைத் தடவினார். "கேட்டது கேட்டாச்சு. நீண்ட ஆயுள அவங்க என்ன பண்றாங்களோ பண்ணிக்கட்டும். சுகம் அங்கயும் வேண்டியதுதான்." பிறகு ஸ்டமாதிஸைப் பார்த்தார். "ஏன் தம்பி, பேர மறைக்குற அளவுக்கு என்ன குத்தம் பண்ணிட்டு வந்தீங்க?"

"குத்தம் ஒண்ணுமில்ல சாமி. கஞ்சத்தனம்தான்."

முற்றமே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக யோத்தாவைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார்கள். நூறு வயசு, நூறு வயசு. கலியோபி, "நான் உன்னச் செவிடுன்னுல்ல நெனச்சேன் கண்ணு" என்று அழுதேவிட்டாள்.

யோத்தா கூட்டத்துக்கு நடுவிலிருந்து புருஷன் காதைப் பிடித்து இழுத்தாள். "யோவ், அது மீன் காசுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சட்டப் பையத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருந்தா தெரியாதா? மீன் போச்சே!"

"போகட்டும் இவளே."

காப்பிக் கடையில் மற்றவர்கள் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவளால் முடியவில்லை. நிகிதாஸின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஒயினும் எலுமிச்சைச் சாறுமாக மேசை மேசையாகப் போனாள்; குறைவாகக் குடித்தவர்களைத் திட்டினாள். சட்டைப் பை காலியானபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஸ்டமாதிஸுக்குக் கையில் சுத்தமாக ஒன்றுமில்லை, திரும்பிப் போகிற டிக்கெட்டைத் தவிர. முதல் தடவை வந்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டான். இந்தத் தடவை வயிறு எரியவில்லை.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்தன. திருநாள் சாப்பாடு, வந்தவர்களுக்கெல்லாம் இலவசம். யோத்தா இரண்டு காகிதத் தட்டை வாங்கிக்கொண்டு, "வா, கீழ போலாம். கொஞ்ச நேரம் கடலப் பாத்துட்டு வருவோம். காலைலதான் கப்பலாச்சே" என்றாள்.

கரைக்கு இறங்கினார்கள். சூரியன் கடலில் பாதி இறங்கியிருந்தது. நிகிதாஸின் மீன் கடை பூட்டிக் கிடந்தது. பனிக்கட்டித் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பூனை ஒன்றுதான் காவல். கதவில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: 'திருநாள். எல்லோரும் மேலே இருக்கிறோம்.'

ஸ்டமாதிஸ் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"ஆக," என்றாள் யோத்தா, "நீ பெரிய மனுஷனாட்டம் காசக் கையில வச்சுட்டு இந்தப் பூட்டு முன்னாடி வந்து நின்னிருப்ப."

"ஊரே மேல இருக்கும்போது கடையத் திறந்து வைப்பான்னு நெனச்சேன் பாரு..."

"நகரத்துக்காரன்!" என்று அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

மேசைகள் தண்ணீரிலேயே நின்றன. யாரைக் கேட்க வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கடைசி மேசையில், கடலுக்கு மிக அருகில் இருந்ததில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகக் கணுக்காலைச் சுற்றிப் போய் வந்தது. மேலேயிருந்து வயலின் சத்தம் காற்றில் இறங்கியது. கறி நன்றாக வெந்திருந்தது. யோத்தா எலும்பைக்கூட விடவில்லை.

"யோவ்."

"என்ன?"

"கோயில்ல என்ன கத்துன?"

"உன் பேரத்தான்."

"கல்யாணத்தன்னிக்குக்கூட பாதிரியார்தான் என் பேரச் சொன்னாரு, நீ சொல்லல. உன் வாயால இன்னிக்குத்தான் மொத தடவ கேக்குறேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். யோசித்தான். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில்? அங்கேயும் 'இவளே'தான். அவனுக்குக் கண் கலங்கியது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னொரு தடவ சொல்லேன்" என்றாள் அவள்.

ஆளில்லாத இடத்தில் சொல்வது கோயில் முற்றத்தில் கத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"பனயோத்தா."

"என்ன?"

காலையிலிருந்து தீவே வாழ்த்தியிருந்தது. தான் இன்னும் வாழ்த்தவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நூறு வயசு இருக்கணும்" என்றான்.

யோத்தா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். சர்க்கரையெல்லாம் துணியில் ஒட்டிக்கொண்டு நசுங்கிப் போயிருந்தது அந்த ரோஜா மிட்டாய். அதை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.